லாங் என்றால் நீளம்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் புத்தகம் வைப்பதில்லை. வண்டிச் சாவி வைக்கிறோம், அரிவாள்மணை வைக்கிறோம், என் வீட்டுக்காரர் தன் கால்குலேட்டரைக்கூடப் பொட்டு வைத்து வைக்கிறார். புத்தகம் மட்டும் கிடையாது. இன்றைக்குப் படிக்கக் கூடாது என்று யாராவது வாயெடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வேண்டுமென்றே வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரிவிளம்பரம் வரைக்கும் படிப்பேன். மாமியார் இருந்தவரைக்கும் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். சின்ன வயதில் ஒரு ஆயுத பூஜையன்று நான் படித்தது ஒரே ஒரு வார்த்தை. அதற்கு எங்கள் குடும்பம் என்னைப் படுத்திய பாட்டை மறக்க எனக்கு மனசில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. திருச்செங்கோட்டுக்கு மேற்கே எங்கள் தோட்டம். பெரியப்பா, என் அப்பா, சித்தப்பா மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஊரே ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி வாங்கி, போர் போடக் கிளம்பியிருந்த எண்பதுகளின் ஆரம்பம் அது. எங்கள் வீட்டிலும் ஒரு ரிக் வண்டியும் அதற்குக் கம்ப்ரசர் லாரியும் வந்து நின்றன. வண்டிக்கு முதலாளி பெரியப்பா. வண்டியோடு கர்நாடகா, ஆந்திரா என்று மாதக்கணக்கில் போய், வெயிலில் நின்று, போர் போட்டுவிட்டு வருகிறவர் சித்தப்பா. என் அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார், மற்றபடி அண்ணன் சொல்வதற்குத் தலையாட்டுவார்.

எதையும் முதலில் செய்கிற உரிமை தனக்கே என்பது பெரியப்பாவின் கொள்கை. புது லாரி வந்தால் முதலில் ஏறி உட்காருவது அவர். போரில் தண்ணீர் பீய்ச்சியடித்தால் முதல் கை அள்ளிக் குடிப்பது அவர். பாறைத்தூளும் சேறும் கலந்த அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "கல்கண்டு" என்று வேறு சொல்வார். பந்தியில் முதல் இலை அவருக்கு, கோயிலில் முதல் விபூதி அவருக்கு. அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது தட்டிலிருந்து முதல் ஜாங்கிரியை எடுத்தது மாப்பிள்ளை இல்லையாம், மாப்பிள்ளையின் அண்ணனாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சித்தப்பா வேறு மாதிரி. ராடு பூமிக்குள் இறங்கும்போது இடது உள்ளங்கையை லீவர்மேல் வைத்துக்கொண்டு நிற்பார். கைக்கு வருகிற அதிர்விலேயே பாறை மாறுகிறதா, ஈரம் தட்டுகிறதா என்று சொல்லிவிடுவார். அவர் படித்தது மூன்றாவது. அதனால்தானோ என்னவோ, என்னை இங்கிலீஷ் கான்வென்ட்டில் சேர்க்கவேண்டும் என்று பெரியப்பாவிடம் நின்று வாதாடியவர் அவர்தான். லீவுக்கு வந்தால் ஸ்பேர் சாமான் பெட்டிகளை என் முன்னால் அடுக்குவார். "பொட்டியில என்ன எழுதியிருக்குது, சாமான்ல என்ன எழுதியிருக்குது, ரெண்டையும் படிச்சுச் சொல்லு சாமி" என்பார். இரண்டும் ஒரெழுத்துக்கூட மாறாமல் இருந்தால்தான் வண்டியில் மாட்டுவார். ஓர் எழுத்து கூடியிருந்தாலும் பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வீட்டில் என் படிப்புக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

அந்த வருஷம் பெரியப்பாவுக்கு ரிவால்வர் ஆசை வந்தது. வெளிமாநிலத்துக்கு வண்டி போகிறது, வழியில் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதிக்கொடுத்து லைசென்ஸ் வாங்கினார். பாதுகாப்புமில்லை, ஒரு மண்ணுமில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார், அதுதான் காரணம். வண்டியோடு போகிறவர் சித்தப்பா, லைசென்ஸ் இருந்தது வீட்டில் இருக்கிற பெரியப்பா பெயரில். இதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஏற்காட்டில் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய ஒரு வயதானவரிடம் முறைப்படி எழுதி வாங்கிய பழைய ரிவால்வர் அது. மேலே பூசியிருந்த வெள்ளை மினுமினுப்பு பாதி உரிந்திருந்தது. நடுவில் மடக்கினால் திறந்துகொண்டு ஐந்து ஓட்டைகளைக் காட்டும். அதோடு ஒரு சிகரெட் டப்பாவில் நாலு தோட்டாக்கள் வந்தன. எல்லாம் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. குட்டைத் தோட்டாக்கள், என் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். களிம்பேறியதைப் போடக்கூடாது என்று பெரியப்பா டப்பாவைப் பரணில் போட்டார். அதுவரைக்கும் சரி.

புதுத் தோட்டா வாங்கச் சேலம் போனார். ரிவால்வரை எடுத்துக்கொண்டு போகவில்லை. லைசென்ஸ் புத்தகம் மட்டும் போயிற்று. அதில் துப்பாக்கியின் அளவு முப்பத்திரண்டு என்று இருந்தது. கடைக்காரர், முப்பத்திரண்டிலேயே ரகம் ரகமாக இருக்கிறது, பழைய சாமான் என்கிறீர்கள், துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துத்தான் போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இதைப் பெரியப்பாவே சாயங்காலம் முன்கட்டில் உட்கார்ந்து, ஒரு வேடிக்கை மாதிரி எல்லோருக்கும் சொன்னார். "முப்பத்திரண்டுன்னா முப்பத்திரண்டுதான? நம்மள இன்னொருக்கா அலைய உடப் பாக்கறான்!" எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

அப்படியும் வற்புறுத்தி வாங்கி வந்த தோட்டா ஓட்டைக்குள் முழுசாகப் போகவில்லை. முக்கால்வாசி போய் நின்றுகொண்டது. ஒரு சாமான் இன்னொரு சாமானுக்குள் போகமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். எங்கள் ஊரில் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் லேத்துப் பட்டறை இருக்கிறது. சேராததைச் சேரவைப்பதுதான் அங்கே தொழில். "உள்ள ஒரு விளிம்பு இடிக்குது. ஒரு நூல் எடுத்துப்போட்டாச் சேந்துரும்" என்று பெரியப்பா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். நூல் என்றால் பட்டறையில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பட்டறைக்காரர் துப்பாக்கிச் சாமான் என்று தயங்கினாராம். ஆனால் வருஷம் முழுக்க ரிக் வேலை கொடுக்கிற பெரியப்பாவுக்கு முன்னால் தயக்கம் எவ்வளவு நேரம் நிற்கும்? ஐந்து ஓட்டைக்குள்ளும் சுரண்டிக்கொடுத்துவிட்டார். தோட்டாவும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

சித்தப்பா அப்போது ராய்ச்சூர் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்தார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் வண்டியோடு வந்து சேர்ந்தார்.

பூஜைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்பது வழக்கம். அந்த வருஷம் உடைப்பதில்லை, சுடுவது என்று பெரியப்பா பத்து நாளாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இரட்டைக்குழல்காரர் உட்பட அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். சித்தப்பா வெளியே வண்டியைக் கழுவி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். முன்கட்டில் ஜமுக்காளம் விரித்து ஸ்பேனர், பைப் ரெஞ்ச், தேய்ந்த டிரில் பிட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். நடுவில் பித்தளைத் தட்டில் ரிவால்வர், அதற்குப் பக்கத்தில் தோட்டாப் பெட்டி. இடது ஓரத்தில் என் புத்தகங்கள், மேலே ஒரு செவ்வந்திப் பூவோடு. சரஸ்வதிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே சாம்பிராணி.

படிக்கக் கூடாது என்று சொன்ன நாளில்தான் உலகத்தில் இருக்கிற எழுத்தெல்லாம் கண்ணில் வந்து விழும். நான் ஊதுபத்திப் பாக்கெட்டைப் படித்தேன். கற்பூர டப்பாவைப் படித்தேன். பிறகு தோட்டாப் பெட்டியைப் படித்தேன். முப்பத்திரண்டு என்ற எண், பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு எழுத்து, கடைசியில் லாங் என்று ஒரு வார்த்தை. தட்டுக்குக் குனிந்து ரிவால்வரைப் பார்த்தேன். குழாயின்மேல் தேய்ந்த எழுத்தில் அதே எண், அதே இரண்டு எழுத்து. அதற்குப் பிறகு வெறும் இரும்பு. அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன், லாங் இல்லை.

"பெரிப்பா, பொட்டியில லாங்னு போட்டிருக்குதுங்க. துப்பாக்கியில லாங் இல்லீங்க" என்றேன்.

அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். பெரியம்மா, "இன்னைக்குப் படிக்கக் கூடாதுன்னு தெரியாதாக்கும்? சாமி கண்ணக் குத்தீரும்" என்றாள். பெரியப்பா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். நல்ல மனநிலையில் இருந்தார், கூட்டமும் இருந்தது.

"லாங்னா என்ன அம்மணி?"

"நீளமுங்க."

"நீளமா இருந்தா நல்லதுதான? நம்ம வண்டியுந்தான் லாங் போவுது. குண்டும் லாங் போவட்டும்!"

முன்கட்டு அதிரச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் லாங் என்றால் வெளிமாநிலத்துக்கு ஓடுகிற நீண்ட ஓட்டம். லாங் போகிற டிரைவருக்கு டீக்கடையில்கூடத் தனி மரியாதை. அந்த வார்த்தைக்கு ஒரு கெட்ட அர்த்தம் இருக்க முடியும் என்று அந்தச் சிரிப்புக்குள் நின்றுகொண்டு யாருக்கும் தோன்றாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பரணில் இருக்கிற தோட்டாவெல்லாம் குட்டை, இது நீளம், பெட்டி எழுத்தும் சாமான் எழுத்தும் ஒன்றாக இல்லாவிட்டால் மாட்டக்கூடாது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில், "போட்டா வெடிச்சுருமுங்க" என்று கத்தியும்விட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக என்ன வார்த்தை வருகிறது பார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் அப்பா அன்றைக்குப் பேசியது இரண்டே வார்த்தை. "கம்முனு கெட."

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு ரிவால்வரை எடுத்துக் குழாய்மேல் இருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, இன்னொரு கையில் பெட்டியை எடுத்து இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் லாரி நம்பரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடிக்கிற கண். இரண்டையும் கீழே வைத்தார், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "போ, போய்ப் பொரி தின்னு போ" என்றார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்ப் பொரி தின்றேன்.

பூஜை முடிந்தது. வேப்பமரத்தடிக் கல்லின்மேல் குங்குமம் அப்பிய பூசணிக்காயை வைத்தார்கள். பெரியப்பா ரிவால்வரை மடக்கித் தன் கையாலேயே ஐந்து தோட்டாவும் போட்டார். கூட்டம் வழிவிட்டு நின்றது. அப்போதுதான் அவர் வண்டிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"சின்னவனே! வா சாமி. இந்த வருசம் நீ அடி."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "ஏனுங்கண்ணா, நானுங்களா?" என்றார். நம்ப முடியவில்லை அவருக்கு. தம்பியைச் சாமி என்று பெரியப்பா கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "வண்டியில கெடந்து ஒழைக்கறது நீதான? உனக்கு இல்லாத மரியாதையா?" என்றார் பெரியப்பா. என் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் பெரியவர்தான் என்றார் இரட்டைக்குழல்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியப்பா ரிவால்வரைக் கொடுத்துவிட்டு, வெயிலாக இருக்கிறது என்று தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கம்ப்ரசர் லாரிக்கு அந்தப் பக்கம் போனார்.

சித்தப்பாவுக்குத் துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லை. கனமான எதையும் அவர் பிடிக்கிற மாதிரியே பிடித்தார். வலது கையில் பிடி, இடது கை அடியில் தாங்கல். சத்தம் நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின. பூசணிக்காய்க்கு ஒரு கீறல் இல்லை. சித்தப்பா தன் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கி, எண்ணுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு விரலும் கட்டைவிரலில் பாதியும் அதில் இல்லை.

ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். வாசலில் தெறித்ததை அம்மா சாணி கரைத்து மெழுகினாள். அந்த ஜீப் தோட்டத்து வழி தாண்டுவதற்குள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள். படிக்கக் கூடாத நாளில் படித்தாள், சாமிக்கு வைத்த சாமானைப் பார்த்து வெடிச்சுரும் என்று வாயெடுத்துச் சொன்னாள், சொன்ன மாதிரியே வெடித்துவிட்டது. கருநாக்கு. சாயங்காலத்துக்குள் அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லி என் நாக்கை இழுத்துப் பார்த்தார்கள். சின்ன மச்சம் ஒன்று இருந்தது, போதாதா? அதற்குப் பிறகு விசேஷ வீடுகளில் நான் எதிரே வந்தால் பெண்கள் கையில் இருப்பதை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், பழைய சாமானுங்க, அதுவாக வெடித்துவிட்டது என்றார் பெரியப்பா. லேத்துப் பட்டறையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. சேலத்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுச் சிரித்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

சித்தப்பா ஒரு மாதம் கழித்துத்தான் கொஞ்சம் தெளிந்தார். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னைக்குப் பொட்டியில என்ன எழுதியிருந்துச்சு சாமி? துப்பாக்கியில என்ன இருந்துச்சு? ரெண்டையும் படிச்சயாமே, சொல்லு" என்றார். கோபமில்லாமல், ஸ்பேர் பெட்டிக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார். எனக்கு வாய் திறந்தால் இன்னும் என்ன ஆகுமோ என்று பயம். "ஒண்ணும் எழுதலீங்க சித்தப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் படித்துச் சொல்லச் சொல்லவில்லை. ரிக்கிலும் ஏறவில்லை. அந்தக் கையை லீவர்மேல் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னாராம். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டயர் கடையில் கணக்கு வைக்காத, பாரம் தூக்காத ஏதோ ஒரு வேலையில் உட்கார்ந்து காலத்தைத் தள்ளினார்.

நான் என் நாக்கை நம்பினேன். வெகுகாலம் நம்பினேன். காலேஜில் படிக்கும்போதுகூட, ஒரு கெட்ட விஷயம் நடக்கும் என்று தோன்றினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். நீளத் தோட்டாவில் மருந்து அதிகம், பழைய குட்டைத் தோட்டாவுக்கு என்று செய்த இரும்பு அதைத் தாங்காது, அதனால்தான் அந்த விளிம்பு உள்ளே போகவிடாமல் தடுத்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். அது தெரிந்தபோது பெரியப்பாமேல் வந்த கோபம் ஒரு முட்டாள்மேல் வருகிற கோபம். பிடிவாதக்காரர், படிக்காதவர், சின்னப் பெண் சொல்லி நாம் கேட்பதா என்று நினைத்தவர். அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் செத்தபோது போய் மாலைகூடப் போட்டேன்.

போன வருஷம் அவர் திதிக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கையில் அவர் மகன், என் அண்ணன் முறை, பெருமையாகச் சொன்னான். "எங்கப்பாவுக்கு என்னமோ முன்னமே தோணிப்போச்சு பாரு. அன்னைக்கு நான் மரத்துக்கிட்ட நின்னு பாக்கோணும்னு அழுதேன். உடவே இல்லை. லாரிக்குப் பின்னால இழுத்துட்டுப் போயி என் காதைப் பொத்திக்கிட்டு நின்னாரு. இல்லாட்டி நானும் அடிபட்டிருப்பேன்."

கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். காலை பத்து மணிக்கு, வேப்பமர நிழலில் என்ன வெயில்? கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தது, பெட்டியையும் குழாயையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதல் இலை, முதல் விபூதி, முதல் ஜாங்கிரி, சேற்றுத் தண்ணீரில் முதல் கை. ஆயுசில் ஒரே ஒருமுறை அந்த மனுஷன் முதல் இடத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். அத்தனை கூட்டத்தில் என் பேச்சை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. அவமானத்தில் ஒரு மூலையில் பொரி தின்றுகொண்டிருந்தவள், சித்தப்பாவைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்ததைப் பார்த்ததும் லாங்கையும் மறந்தேன், குட்டையையும் மறந்தேன். கடைசியில் எங்கள் சித்தப்பாவுக்கும் ஒரு மரியாதை கிடைத்துவிட்டது என்று பொரியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று, கை வலிக்க வலிக்கத் தட்டினேன்.